புள்ளியில்லாத வரியை வாசிக்கப் பழகுங்கள்: மலைநாட்டிலிருந்து அரமேயம் படிக்க ஒரு வழி

எபிரேயம், அரபு ஆகியவற்றோடு செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்த பழைய மொழியான அரமேயம் படிக்க விரும்பி எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார். இறையியல் படித்தவர்கள் சிலர், கெம்பஸில் அரபோ வரலாறோ முடித்தவர்கள் சிலர். தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டே இந்த மொழியைத் தேடிப் பிடித்த ஒருவரும் உண்டு. “அக்கா, எந்தப் புத்தகத்துல தொடங்குறது? எபிரேயம் முதல்ல படிக்கணுமா? நமக்கெல்லாம் இது சரிவருமா?” என்று மூன்று கேள்வியும் ஒரே மூச்சில் வரும். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சரிவரும். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் கொட்டகலையில் பிறந்தவள். பேராதனையில் தமிழ் படித்தேன். பிறகு கேரளத்துக்குப் போய்க் கோட்டயத்தில், அரமேயத்தின் ஒரு கிளையான சிரியாக்கில் முதுகலை முடித்தேன். இப்போது ஆய்வுப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாதையில் நடந்து கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வலியுறுத்துவது ஒன்றுதான். உயிர்க்குறி போடாத ஒரு வரியை எடுத்து, தயங்காமல் உரக்க வாசித்துப் பொருள் சொல்லும் நிலைக்கு எவ்வளவு சீக்கிரம் வர முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுங்கள். பாடப்புத்தகங்கள் எல்லாம் குறி போட்ட உரையைத்தான் தருகின்றன. ஆனால் கல்வெட்டிலும் பாப்பிரசுத் தாளிலும் பெரும்பாலான பழைய சுவடிகளிலும் மெய்யெழுத்துகள் மட்டுமே நிற்கும். உயிரொலியை வாசிக்கிறவர்தான் கொடுக்க வேண்டும். முதுகலை மாணவர்கள் பலர் இலக்கணத்தை மனப்பாடமாக வைத்திருந்தும் இந்த இடத்தில் திணறி நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஓலைச்சுவடி பார்த்த தமிழ் மாணவருக்கு இது புதிதே அல்ல. ஓலையில் புள்ளி குத்தமாட்டார்கள். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லும் யாப்பும் தெரிந்தவர் சரியாக வாசித்துவிடுவார். அதே பயிற்சியைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

எதில் தொடங்குவது

அரமேயம் என்பது ஒரே மொழியல்ல, மூவாயிரம் ஆண்டு நீண்ட ஒரு குடும்பம். கி.மு. 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பாரசீகப் பேரரசின் அலுவலக மொழியாக எகிப்திலிருந்து ஆப்கானிஸ்தான் வரை போயிருக்கிறது. காந்தகாரில் 1958இல் கண்டெடுத்த அசோகரின் கல்வெட்டு கிரேக்கத்திலும் அரமேயத்திலும் இருக்கிறது. தானியேல், எஸ்றா ஆகிய நூல்களில் சில அதிகாரங்கள், யூதச் சட்ட நூலான பாபிலோனிய தல்மூத், மந்தேயர் என்ற சிறு சமயத்தவரின் நூல்கள், எதெஸ்ஸா நகரத்திலிருந்து பரவிய சிரியாக், இன்றும் சிரியாவின் மாலூலா ஊரில் பேசும் பேச்சு என்று எல்லாம் இதற்குள் அடங்கும். எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கினால் எதுவும் கையில் நிற்காது.

இறையியல் கல்லூரிகளின் வழக்கம் எபிரேயம் முதலில், அதன் மேல் விவிலிய அரமேயம் என்பது. எபிரேயம் ஏற்கெனவே படித்தவர்களுக்கு அது நல்ல வழி. ஃபிரான்ஸ் ரோசென்தாலின் விவிலிய அரமேய இலக்கணம் மெல்லிய புத்தகம். 1961இல் வந்தது, இன்றும் வகுப்பில் ஓடுகிறது. தானியேல் 2:4இன் நடுவில் எபிரேயம் நின்று அரமேயம் தொடங்கும், 7ஆம் அதிகாரம் முடியும்வரை போகும். அதையும் எஸ்றாவின் பகுதிகளையும் முடித்தால் விவிலிய அரமேயம் முழுவதும் முடிந்தது; மிஞ்சுவது எரேமியா 10:11, ஆதியாகமம் 31:47இல் இரண்டு சொல், அவ்வளவே.

ஆனால் ஒன்றுமே படிக்காமல் புதிதாக வருகிறவர், அதிலும் நம் மலையிலிருந்து வருகிறவர், சிரியாக்கில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். விவிலிய அரமேயத்தில் மொத்தம் ஏறக்குறைய 270 வசனங்கள்தான் இருக்கின்றன. அதில் வாசிப்புப் பழக்கம் உண்டாக வழியில்லை; உரை மனப்பாடமாகிவிடும். சிரியாக்கில் ஆயிரக்கணக்கான பக்கம் கிடைக்கும்: பெஷித்தா என்ற சிரியாக் விவிலியம், கவிஞர் எப்ரேமின் பாடல்கள், வரலாறு, மருத்துவம், தத்துவம், கிரேக்கத்திலிருந்து போன மொழிபெயர்ப்புகள். இன்னொரு காரணமும் உண்டு. சிரியாக்கை நாவால் உச்சரித்து வழிபடும் மக்கள் நமக்குக் கிட்டத்தில், கேரளத்தில் இருக்கிறார்கள்.

புத்தகம் என்றால், வீலர் தாக்ஸ்டனின் சிரியாக் அறிமுகம் தனியாகப் படிக்க உதவும். ராபின்சனின் பழைய பயிற்சி நூலைக் கோக்லி திருத்திப் பதிப்பித்தது வகுப்புக்கு ஏற்றது. நோல்டெக்கேயின் பெரிய இலக்கணத்தைத் தொடக்கத்தில் திறக்க வேண்டாம், சந்தேகம் வரும்போது தேடிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அகராதிக்கு ஜெஸ்ஸி பேய்ன் ஸ்மித் 1903இல் வெளியிட்டது போதும். தந்தையார் இலத்தீனில் தொகுத்த பேரகராதியை மகள் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தது அது; பதிப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசம். சின்சினாட்டியில் ஹீப்ரு யூனியன் கல்லூரி நடத்தும் அரமேயப் பேரகராதித் தளமும் இலவசம். அதில் ஒரு சொல்லைத் தொட்டால் வேர், வினைவடிவம் எல்லாம் வந்துவிழும். அந்த வசதியை உங்கள் விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே பிரித்துப் பார்க்கும் முன் தொட்டுவிட்டால் மூளை அன்றைக்கு வேலை செய்யாது.

ஒரு நடைமுறை விஷயம். மே மாதம் மழை பிடித்தால் எங்கள் பக்கத்தில் ஃபோட்டோ கொப்பி தாளில் பூஞ்சணம் பிடித்துவிடும், சிக்னலும் போகும். தேவையான பக்கங்களை ஃபோனில் இறக்கி வைத்துக்கொண்டு, எழுதிப் பழகும் வேலையை மட்டும் தாளில் செய்யுங்கள்.

காதும் நாக்கும்

சிரியாக்குக்கு 22 எழுத்து. எஸ்த்ராங்கெலா, செர்த்தோ, கிழக்கு எழுத்து என்று மூன்று வடிவம். செர்த்தோவில் தொடங்கி ஒரு மாதத்துக்குள் எஸ்த்ராங்கெலாவையும் சேர்த்துப் பழகுங்கள். எழுத்து ஒரு வாரத்தில் கைக்கு வரும். ஒலிதான் உழைப்புக் கேட்கும்.

தமிழருக்கு இங்கே ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. ப, க, த ஆகிய எழுத்துகள் தமிழில் சொல்லின் முதலில் வன்மையாகவும் உயிருக்கு நடுவில் மென்மையாகவும் ஒலிக்கும். ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து மாறாமல் இடத்தால் ஒலி மாறுகிறது. அரமேயத்திலும் எபிரேயத்திலும் ஆறு எழுத்துகள் உயிருக்குப் பின்னால் இப்படித்தான் இளகும். ஐரோப்பிய மாணவர்கள் இதை விதியாக மனனம் செய்கிறார்கள்; நமக்கு அது வாயில் இருக்கும் பழக்கம். அதேபோல வந்தான், வந்தாள் என்று வினையில் பால் காட்டுவதும் நமக்கு இயல்பு. சிரியாக்கில் ‘க்தவ்’ என்றால் எழுதினான், ‘கெத்பத்’ என்றால் எழுதினாள். முன்னிலையிலும் ஆண் பெண் வேறுபாடு உண்டு, அதை மட்டும் தனியாகக் கவனித்துப் பழக வேண்டும்.

சொல்முதலில் k/g, p/b போன்ற ஒலிப்பு வேறுபாடு தமிழ் எழுத்தில் தெரியாது. ஆனால் நாம் சிங்களம் பேசுகிறவர்கள். சிங்களத்தில் ‘பத்’ என்ற சோற்றுச் சொல்லை எப்படித் தொடங்குகிறோமோ அப்படித்தான் ‘பேத்’ என்ற எழுத்தும். அந்தக் காதை இங்கே பயன்படுத்துங்கள்.

தொண்டையடி ஒலிகளுக்கு ஆசிரியர் வேண்டும். அவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். ஹட்டன் டவுனிலோ கம்பளையிலோ அக்குறணையிலோ குர்ஆன் ஓதப் படிப்பிக்கும் மௌலவி ஒருவரிடம் மரியாதையாகப் போய், ஐன், ஹா, ஸாத், தா, காஃப் ஆகிய ஒலிகளைச் சொல்லித் தரும்படி கேளுங்கள். நான் கேட்டபோது மௌலவி ஐயா அடிநாக்கு எங்கே போக வேண்டும் என்று தன் தொண்டையில் விரல் வைத்துக் காட்டினார். எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. இந்த உதவி பிறகு அரபு படிக்கும்போதும் கைகொடுக்கும்.

சிரியாக்கில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு உச்சரிப்பு மரபு உண்டு. கிழக்கில் அரசன் ‘மல்கா’, மேற்கில் ‘மல்கோ’. கோட்டயத்தில் இரண்டையும் ஒரே நாளில் கேட்கலாம், ஏனென்றால் சீரோ மலபார் சபை கிழக்கு மரபு, யாக்கோபாய சபையும் மலங்கரை சபைகளும் மேற்கு மரபு. படிக்கத் தொடங்கும்போது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் கிழக்கைச் சொல்வேன். எபிரேயத்தோடும் அரபோடும் ஒப்பிட அது எளிது.

புள்ளியை எடுத்துவிட்டு வாசிப்பது

இனி முக்கியமான இடம்.

பெஷித்தா புதிய ஏற்பாட்டின் ஒரு பதிப்பை பிரித்தானிய வேதாகமச் சங்கம் 1920இல் செர்த்தோ எழுத்தில், முழு உயிர்க்குறியோடு அச்சிட்டது. பழைய ஏற்பாட்டை லைடனில் தொடங்கிய பெஷித்தா நிறுவனம் எஸ்த்ராங்கெலாவில், உயிர்க்குறியில்லாமல் பதிப்பித்திருக்கிறது. இந்த இரண்டும்தான் உங்கள் பயிற்சிக்களம்.

ஒரு கொப்பியை எடுங்கள். வலப்பக்கத்தில் மாற்கு சுவிசேஷத்திலிருந்து ஐந்து வரியை உயிர்க்குறி எதுவுமில்லாமல் கையால் எழுதுங்கள். கொப்பியை மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் அந்த வரிகளை உரக்க வாசித்து, இடப்பக்கத்தில் நீங்களே குறி போட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் அச்சுப் பிரதியைத் திறக்க வேண்டும். பிழைத்த இடத்தைச் சிவப்பால் திருத்தி, அது ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ‘வினையெச்சம் என்று நினைத்தேன், இறந்தகால வினை’ என்று எழுதினாலே போதும். மாற்கு நல்ல தொடக்கம். வாக்கியம் சிறியது, கதை தெரிந்தது. தமிழ் வேதாகமத்தில் அப்படியே விட்டிருக்கும் ‘தலீத்தாகூமி’, ‘எப்பத்தா’, ‘எலோயீ, எலோயீ, லாமா சபக்தானி’ ஆகியவை இங்கே தங்கள் இலக்கணத்தோடு வந்து நிற்கும். ‘காம்’ எழுந்தான், ‘அகீம்’ எழுப்பினான், ‘கூமி’ எழுந்திரு, பெண்ணே. தன்வினை பிறவினை படித்த தமிழ் மாணவருக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். சிரியாக்கில் வினைக்கு மூன்று அடிப்படை வடிவமும் அவை ஒவ்வொன்றுக்கும் ‘எத்’ சேர்ந்த ஒரு செயப்பாட்டு வடிவமுமாக ஆறு உண்டு. அட்டவணையை மனனம் செய்யுங்கள், தவிர்க்க முடியாது. ஆனால் ஒரு வினையை ஆறிலும் ஓட்டுவதைவிட, வாசித்த வரியில் வந்த வினை எந்த வடிவம் என்று சொல்வதில் அதிக நேரம் போடுங்கள்.

உயிர்க்குறி இல்லாவிட்டாலும் சுவடி எழுதியவர்கள் சில புள்ளிகளை விடமாட்டார்கள். அவற்றை மதிக்கப் பழகுங்கள். மீம், லாமத், காஃப், ஆலஃப் என்று நான்கு எழுத்து நின்றால் அது ‘மல்கா’, ஓர் அரசன். அதன் தலைக்கு மேலே இரண்டு புள்ளி இருந்தால் ‘மல்கே’, அரசர்கள். பன்மைக்கு அந்த இரண்டு புள்ளிதான் சாட்சி. அதேபோல காஃப், தாவ், பேத் என்ற மூன்றின் மேலே ஒற்றைப் புள்ளி இருந்தால் ‘காதெவ்’, எழுதுகிறவன். கீழே இருந்தால் ‘க்தவ்’, எழுதினான். மங்கலான படத்தில் அந்தப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது வரி முழுவதும் தெளிந்துவிடும்.

மாற்கு முடிந்ததும் ஆதியாகமத்தை லைடன் பதிப்பில் வாசியுங்கள், பிறகு கவிதைக்குப் போங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாடத்திட்டங்களில் கவிதையைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எப்ரேம் கி.பி. 373இல் இறந்தவர். அவர் பெயரில் வழங்கும் மேம்ரா என்ற நெடும்பாட்டில் ஓரடி ஏழு அசை, ஏழு அசையாக வரும். சரூக் ஊர்க் கவிஞர் யாக்கோபின் அடி பன்னிரண்டு அசை, நான்கு நான்காகப் பிரியும். குறியில்லாத வரியை வாசித்து அசையை எண்ணுங்கள். ஏழு வர வேண்டிய இடத்தில் எட்டு வந்தால் நீங்கள் போட்ட உயிர் ஒன்று தவறு. திரும்பிப் போய்த் தேடுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத மாணவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்று எண்ணிப் பாடம் கேட்டவர்களுக்கு, அதாவது கோயிலில் அபிராமி அந்தாதி பாடி வளர்ந்த நம்மில் பலருக்கு, இந்தக் கணக்கு உடனே விளங்கும். விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வாசிக்க வெட்கப்பட வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். பத்து வரி, ஒவ்வொரு நாளும். வாரக்கடைசியில் மொத்தமாகப் படிப்பது இந்த மொழிகளில் பலிக்காது. பஸ்ஸில் போகும்போது முன்தினம் படித்த பத்து வரியை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள்.

உடன்பிறந்த மொழிகள்

சிரியாக்கில் ஓராண்டு வாசித்த பிறகு இரண்டாவது மொழியை எடுக்கலாம். உங்கள் ஆய்வு விவிலியத்தை ஒட்டியது என்றால் எபிரேயம், இந்தியப் பெருங்கடலையோ இஸ்லாமிய உலகத்தையோ ஒட்டியது என்றால் அரபு. முதல் வேலையாக ஒலியொப்புமையைப் படியுங்கள், மூன்று மொழிச் சொற்களும் ஒன்றாக வந்து சேரும். பொன்னுக்கு அரபில் ‘தஹப்’ (நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்து), எபிரேயத்தில் ‘ஸாஹாவ்’, சிரியாக்கில் ‘தஹ்வா’. காளைக்கு அரபில் ‘ஸவ்ர்’, எபிரேயத்தில் ‘ஷோர்’, சிரியாக்கில் ‘தவ்ரா’. நிலத்துக்கு அரபில் ‘அர்ழ்’, எபிரேயத்தில் ‘எரெட்ஸ்’, சிரியாக்கில் ‘அர்ஆ’. அரபின் அந்த ஒலிக்கு நம் முஸ்லிம் மக்கள் ‘ரமழான்’ என்று ழகரம் போடுவதை நினைவில் வைத்தால் மறக்காது. பழைய அரமேயத்தில் இதே சொல் ‘அர்கா’ என்று, தொண்டையடிக் ககரமான ‘கோஃப்’ எழுத்தோடு வரும். எரேமியா 10:11 ஒரே வசனத்துக்குள் ‘அர்கா’, ‘அர்ஆ’ இரண்டையும் வைத்திருக்கிறது. மொழி மாறிக்கொண்டிருந்த காலத்தை ஒரு வசனத்துக்குள் பார்க்கலாம்.

அதற்கடுத்து பாரசீகக் காலத்து அரமேயக் கடிதங்கள். எகிப்தின் எலிபெந்தைன் தீவிலிருந்த யூதக் காவற்படையின் தாள்கள் பேர்பெற்றவை. தங்கள் கோயிலை கி.மு. 410இல் இடித்துவிட்டார்கள், திரும்பக் கட்ட உதவுங்கள் என்று யூதேயாவின் ஆளுநர் பகோஹிக்கு கி.மு. 407இல் அவர்கள் எழுதிய விண்ணப்பத்தை எல்லாரும் வாசிக்கிறார்கள். எனக்கு அதைவிட நெருக்கமானவை ஹெர்மோபொலிஸில் 1945இல் கிடைத்த எட்டுக் குடும்பக் கடிதங்கள். போய்ச் சேர வேண்டியவர்களிடம் அவை போய்ச் சேரவில்லை. துணி, எண்ணெய், யார் நலம், யாருக்குச் சம்பளம் வந்தது என்பதுதான் செய்தி. “உன் முகத்தை நலமாகக் காட்டட்டும் என்று ப்தாவிடம் உனக்காக வேண்டுகிறேன்” என்று தொடங்கும்; ப்தா எகிப்தியக் கடவுள். ஒரு கடிதத்தில், பாம்பு கடித்துச் சாகக் கிடந்தேன், உயிரோடிருக்கிறேனா செத்தேனா என்று கேட்டு நீ ஆளனுப்பவில்லை என்று ஒரு மனத்தாங்கல். 1964 உடன்படிக்கைக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன உறவினரிடமிருந்து எங்கள் லயத்துக்கு வந்த கடிதங்களைப் போலத்தான் இவையும்: நலம், நலமறிய ஆவல், பிறகு ஒரு கோபம், பிறகு எல்லாருடைய பெயரும் சொல்லி விசாரிப்பு. இவற்றை வாசிக்கும்போது, சிரியாக்கில் ‘த’ என்று பழகிய இணைப்புச்சொல் இங்கே ‘ஸீ’ என்று நிற்கும். சொல்லைக் கண்டு திகைக்காமல் மேலே சொன்ன ஒலிமாற்றத்தை நினையுங்கள்.

அக்காடியம், உகாரித்தியம், கீஸ் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உகாரித்தியத்துக்கு 30 குறி, எபிரேயக் கவிதை தெரிந்தவர்களுக்கு இன்பமான மொழி. எத்தியோப்பியாவின் கீஸுக்கு லாம்ப்டினின் பாடநூலே போதும். உயிரும் மெய்யும் சேர்ந்த எழுத்து என்பதால் நமக்கு அது வீட்டுக்கு வந்தது போல. அக்காடியத்தை ஆசிரியர் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒரே ஆப்புக் குறிக்குப் பல ஒலி, பல பொருள்.

ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கத் தெரியாமல் ஆய்வுப் பட்டம் முடியாது. இலக்கணங்களிலும் பதிப்புரைகளிலும் பாதி அந்த மொழிகளில் இருக்கிறது. பேச வேண்டியதில்லை, அகராதியோடு வாசித்தால் போதும். கண்டியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, ஜெர்மனுக்குக் கொழும்பில் கேத்தே நிறுவனம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போய்ப் படிப்பது

மலைநாட்டிலேயே தொடங்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரபு, இஸ்லாமிய நாகரிகத் துறை இருக்கிறது. பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரி, அம்பிட்டியவிலுள்ள கத்தோலிக்கக் குருமடம் ஆகியவற்றின் நூலகங்கள் எபிரேய நூல்களைத் தேட வேண்டிய முதல் இடங்கள். முன்கூட்டிக் கடிதம் எழுதி, எந்த நூல் வேண்டும் என்று பெயரோடு கேட்டுப் போங்கள். ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் ஒரு நாளில் போய்த் திரும்பலாம்.

சிரியாக்குக்குக் கோட்டயம். பேக்கர் குன்றில் இருக்கும் புனித எப்ரேம் ஆய்வு நிறுவனம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தோடு இணைந்து சிரியாக் முதுகலை நடத்துகிறது. வகுப்பில் படித்ததைச் சாயங்காலம் கோயிலில் பாடக் கேட்பது அங்கே மட்டும் வாய்க்கும். “அவூன் த்வஷ்மய்யா” (பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே) என்று நூறு பேர் சேர்ந்து சொல்லும்போது, காலையில் மனனம் செய்த வினைவடிவம் காதில் தானாக வந்து உட்காரும். மலையாளம் சில மாதத்தில் பழகிவிடும். புறப்படும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். அந்த ஆண்டு வெளிநாட்டு மாணவர் சேர்க்கை எப்படி என்று நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். அந்தப் பட்டத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விரிவுரையாளர் பதவிக்குப் போகும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதற்கும் அப்பால் ஒக்ஸ்ஃபோர்டில் சிரியாக் கற்கைக்கென்றே முதுநிலைப் பட்டம் இருக்கிறது. வாஷிங்டனில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் செமித்திய, எகிப்திய மொழிகளுக்கு ஒரு துறை இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘அரமேயத்தில் ஆர்வம் உண்டு’ என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. எந்த உரையை, எந்த அதிகாரம் வரை, குறியோடா குறியில்லாமலா வாசித்தீர்கள் என்று பட்டியலிடுங்கள். சிவப்புத் திருத்தங்களோடு இருக்கும் அந்தக் கொப்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பட்டியல் எழுத அவை வேண்டும்.

எதை ஆராய்வது

பலரும் ஐரோப்பாவில் நூறு முறை எழுதப்பட்ட தலைப்பையே கேட்டு வருகிறார்கள். தமிழ் தெரிந்த செமித்திய மொழி மாணவர் உலகத்தில் மிகச் சிலர். அந்தப் பலத்தை விடலாமா?

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849இல் எழுதியது. உரை வட்டெழுத்தில், சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி என்ற பழைய அரபு எழுத்திலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்திலும் எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் இருக்கின்றன. பஹ்லவி எழுத்து அரமேயத்திலிருந்து வந்தது, சொற்களையும் அரமேயமாக எழுதிப் பாரசீகமாக வாசிக்கும் வழக்கம் கொண்டது. ‘மல்கா’ என்று எழுதி ‘ஷாஹ்’ என்று வாசித்தார்கள். அந்தச் செப்பேட்டின் வட்டெழுத்தையும் கையொப்பங்களையும் ஒருவரே வாசிக்க முடிந்தால் எப்படி இருக்கும்?

கேரளத்தில் மலையாளத்தைச் சிரியாக் எழுத்தில் எழுதினார்கள். 22 எழுத்து போதாமல் மலையாள எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் முஸ்லிம் மக்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதியது அரபுத் தமிழ். இரண்டும் ஒரே சிக்கலை இரண்டு விதமாகத் தீர்த்தவை. ழ, ற, ள ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றும் என்ன செய்தது என்று ஒப்பிட்டால் ஒரு நல்ல ஆய்வேடு. கெய்ரோ யூதத் தொழுகைக்கூடத்தில் பழைய தாள்களைப் போட்டு வைத்த ஜெனிசா அறையில் மலபார் வணிகர்களின் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகர் ஆஷு என்ற அடிமைப் பெண்ணுக்கு 1132இல் மங்களூரில் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரமும் அவற்றில் உண்டு. யூத விடுதலைப் பத்திரங்களின் சட்ட வாசகம் வழக்கமாக அரமேயத்தில்தான் இருக்கும். இந்தத் தீவிலும் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயிலும் குருவும் இருந்ததாகக் கிரேக்கப் பயணி கோஸ்மாஸ் எழுதியிருக்கிறார். அவர்களுடைய வழிபாட்டு மொழி சிரியாக். அநுராதபுரத்தில் 1912இல் கண்டெடுத்த கற்சிலுவையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுவடிப் படங்களுக்கு மினசோட்டாவில் உள்ள ஹில் சுவடி நூலகத்தின் தளத்தில் பெயர் பதிந்தால் போதும், கட்டணமில்லை. சிரியாக் எழுத்து வாசிக்கப் பாடங்களும் அங்கேயே இருக்கின்றன. முதலில் அச்சில் வந்த ஓர் உரையின் சுவடியாகப் பார்த்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, வரிக்கு வரி படியெழுதி, அச்சோடு ஒப்பிடுங்கள். கணினியில் தட்டும்போது தமிழும் சிரியாக்கும் ஒரே வரியில் வந்தால் வலமிடமாகச் சொற்கள் குதித்துக் குழம்பும். இரண்டு பத்தி உள்ள அட்டவணை போட்டு, சிரியாக்கை ஒரு பத்தியிலும் தமிழை மற்றதிலும் வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் சுவடியின் பக்க எண்ணையும் வரி எண்ணையும் அப்போதே குறித்துவிடுங்கள். மேற்பார்வையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.